பூச்சந்தைச் சிலையின் முகம்

முத்துப்பேச்சி வந்து சிலை கேட்ட நாள் ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. செபாஸ்தியம்மாள் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு, பட்டறையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடம், அவ்வளவுதான். தாடிக்கொம்பு சாலையிலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே நாலைந்து மாதாக்களின் தலை மட்டும் தெரியும். கழுத்துக்குக் கீழே ஈரச்சாக்கு சுற்றியிருக்கும். சிமெண்டு பதமாக இறுகுவதற்காகச் சுற்றிய சாக்கு என்பது தெரியாமல் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள்.

இந்தத் தொழிலில் உடம்பு சூசைமாணிக்கத்துடையது, முகம் செபாஸ்தியம்மாளுடையது. அவர் கம்பி வளைத்து, கோழிவலை சுற்றி, சாந்து ஏற்றிக் கொடுப்பார். முகமும் கைவிரலும் அவள் வேலை. கல்யாணமான மறு வருசத்திலிருந்து இந்த ஏற்பாடுதான். பன்னிரண்டு ஊர்களில், குகைபோலக் கட்டிய கெபிகளுக்குள், இவர்கள் செய்த மாதா நிற்கிறாள்.

முத்துப்பேச்சி அகரத்துக்காரி. அரை ஏக்கரில் சம்பங்கியும் மல்லியும் போட்டிருந்தாள். வருசா வருசம் மாதா சப்பரத்துக்குப் பூ அவளிடம்தான் வாங்குவது. அப்படிப் பழக்கம். வந்தவள் கவிழ்த்துப் போட்ட சிமெண்டுச் சட்டியில் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒரு செலை வேணும்."

"யாருக்கு? ஒங்க கருப்பனுக்கா? அதெல்லாம் நாங்க செய்யறதில்லடி. அதுக்கு ஆளு வேற."

"சாமி இல்லக்கா. பொம்பளை."

"எந்தப் பொம்பளை?"

"எங்களமாதிரி ஒரு பொம்பளை. பக்கத்துல பூக்கூடை இருக்கணும். ஒண்ணுக்கு உக்காந்திருக்கணும்."

செபாஸ்தியம்மாள் சல்லடையைக் கீழே வைத்தாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை.

விஷயம் இதுதான். பைபாஸ் பக்கத்துப் பூச்சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஐந்து கதவு வைத்த கக்கூஸ் ஒன்று உண்டு. யாரோ ஒரு தர்மவான் கட்டிக் கொடுத்தது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். நாற்பது நாள் ஓடியது. பிறகு மோட்டார் எரிந்துவிட்டது என்று சந்தைக் கமிட்டி பூட்டியது. பூட்டி மூன்று வருசம். இப்போது உள்ளே கமிஷன் கடைக்காரர்களின் தெர்மாகோல் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"மூணு மணிக்கு எந்திரிச்சுப் பூ எடுக்கோம். அஞ்சு மணிக்குச் சந்தை. எடை போட்டு, ஏலம் விட்டு, சீட்டு வாங்க பத்து பதினொண்ணு ஆயிருது. மொத நா சாயங்காலமே தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிருவோம்க்கா. முடியாதவ வண்டி ஷெட்டுக்குப் பின்னாடி போவா. ஒருத்தி சேலைய விரிச்சுக் காவல் நிக்கணும். எதுத்தாப்புல லோடு ஏத்துறவன் பாட்டு பாடுவான்."

"மனுக் குடுக்க வேண்டியதுதானே?"

"மூணு மனுக் குடுத்தோம். பொன்னுத்துரையண்ணே வாங்கி வச்சாரு. மூணாவது மனுவுல ரெண்டு மொழம் மல்லியப் பொதிஞ்சு எனக்கே குடுத்தாரு. எங் கையெழுத்தப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்."

பொன்னுத்துரை சந்தைக் கமிட்டியின் செயலாளர். சாவி அவர் இடுப்பில்.

"செலை வச்சா மட்டும் தொறந்துருவாராக்கும்?" என்றார் சூசைமாணிக்கம். அவர் கம்பியை நிமிர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல வச்ச செலைய எவண்ணே எடுத்திருக்கான்? பாலம் கட்டுறவனே செலையச் சுத்தித்தான் ரோடு போடுறான். மனுன்னா மடிச்சுருவாங்க. செலைய எப்பிடி மடிக்க?"

"ஊரு சிரிக்கும்மா."

"இப்ப எங்களப் பாத்துச் சிரிக்குதுல்ல? அது செலையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்."

சூசைமாணிக்கம் மனைவியைப் பார்த்தார். செபாஸ்தியம்மாள் அதற்குள் வேறு கணக்கில் இருந்தாள். "கூடை தனியாவா, ஒடம்போட சேத்தா?" என்று கேட்டாள்.

கம்பி அளவுக்கு யாராவது குத்தவைத்துக் காட்ட வேண்டுமே. செபாஸ்தியம்மாளே பட்டறை நடுவில் குத்தவைத்தாள். முழங்கால் இரண்டும் சடக் என்றன. சூசைமாணிக்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார்.

"தலைய நேரா வையி."

"நேரா எவ வைப்பா? எவனும் வாரானான்னு திரும்பித்தான் பாப்பா." அவள் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். அப்படியே அளவெடுத்தார். சேலை முழங்காலுக்குக் கீழே இறங்கி மூடியிருந்தது. காட்டக்கூடாத எதுவும் சிலையில் கிடையாது. ஆனால் என்ன செய்கிறாள் என்பது பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தெரியும்.

அந்த வருசம் ஆடிக் காற்று கொஞ்சநஞ்சமில்லை. சிறுமலைப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து ஈரச்சாந்தின் மேல் அப்பியது. செபாஸ்தியம்மாள் கையால் செய்த முகம் இரண்டாம் நாளே நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வெடித்தது. அதைத் தட்டிவிட்டு மறுபடி செய்தாள். அதுவும் வெடித்தது. மறுநாள் காலை சிலையை எடுக்க வண்டி வருவதாகப் பேச்சு. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்குத் தர வேண்டிய வேலை வேறு மூன்று கிடந்தது. அச்சுக்குள் இறுகுகிற முகத்தில் காற்றுப் படாது. அவள் பரணிலிருந்து அச்சை எடுத்தாள்.

அந்த அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருசத்துக்கு முன், சூசைமாணிக்கம் தனியாகத் தொழில் ஆரம்பித்தபோது, மாதா முகத்துக்கு நல்ல அச்சு வாங்க வழியில்லை. மனைவியை ஓலைப்பாயில் படுக்க வைத்து, முகமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு பப்பாளித் தண்டைச் செருகி, பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினார். அரை மணி நேரம் அவள் அசையாமல் கிடந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. அதிலிருந்து எடுத்த முகம்தான் பன்னிரண்டு கெபியிலும் இருப்பது. மாதா எவ்வளவு தாழ்ச்சியாகக் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறாள் என்று ஜனங்கள் சொல்வார்கள். பிளாஸ்டர் கண்ணில் விழுந்துவிடும் என்று மூடிய கண் அது. இமையைக் கொஞ்சம் கீறித் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். இது புருசன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. செபாஸ்தியம்மாளுக்கு முன்பல் மூன்று போய்விட்டது. கன்னம் ஒட்டி, சிமெண்டு பட்டுப்பட்டுத் தோல் கறுத்துவிட்டது. மாதாவுக்கு வயசாகவில்லை.

அச்சில் எடுத்த முகத்தைக் கழுத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் மூக்குத்தி வைத்தாள். உதட்டைத் தடிப்பாக்கினாள். காதை இழுத்துத் துளையிட்டாள். கொண்டை போட்டாள். திரும்பிய தலைதானே, பாதி முகம்தான் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சந்தை கூடும் முன்பே சிலை கக்கூஸ் கதவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குச் சந்தையில் நடந்ததை முத்துப்பேச்சி ஓடி வந்து சொன்னாள்.

"லோடு ஏத்துறவன் ஒருத்தன் வாயத் தொறக்கணுமே! தலையக் குனிஞ்சுக்கிட்டே மூட்டையத் தூக்குறாங்க. ஒருத்தன் துண்டை எடுத்துப் போத்திவிட்டான். உருவி அவன் தோள்லயே போட்டேன். எங்கள ஒரு நாளும் போத்தலையேடா, செலைக்கென்னடா துண்டுன்னு கேட்டேன். பொன்னுத்துரையண்ணே போலீசக் கூட்டியாந்தாரு. ஏட்டையா செல்லுல ரெண்டு போட்டோ எடுத்தாரு. செலை வெவகாரம், மேல கேக்கணும்னு போயிட்டாரு."

செவ்வாய்க்கிழமை பொன்னுத்துரை இறங்கி வந்தார். திங்கள் முதல் இரண்டு கதவு திறந்துவிடுவதாகவும், சிலையை அதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்றும் பேசினார். முதலில் திறங்கள், பிறகு எடுக்கிறோம் என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். காரியம் கைகூடுகிற நேரம்.

புதன்கிழமை ஜெரோம் சப்பரத்துக்குப் பூ வாங்கச் சந்தைக்குப் போனான். செபாஸ்தியம்மாளுக்குத் தூரத்து மருமகன் முறை. மாதா கோவிலின் பங்குப் பேரவையில் இருப்பவன், கோவில் காரியம் என்றால் முதல் ஆள். சிலையைப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். சாயங்காலம் பட்டறைக்கு வந்து, செல்போனைச் செபாஸ்தியம்மாள் முன்னால் நீட்டினான். ஒரு பக்கம் கெபி மாதா, மறுபக்கம் சந்தைச் சிலை.

"அத்த, இது என்ன அத்த?"

சூசைமாணிக்கம்தான் முந்திக்கொண்டார். "ஒரே கையி செஞ்சா ஒரே சாயல் வரும் தம்பி."

"சாயலா மாமா? இடது கன்னத்துக் குழி வரைக்கும் அச்சடிச்சமாதிரி இருக்கு. தாயார் மொகத்தக் கொண்டுபோய்... அங்க... எனக்குச் சொல்லவே வாய் கூசுது. சந்தையில நிக்க முடியலை. எங்கம்மா காலையிலேருந்து சாப்டல."

அவன் கத்தவில்லை. கண் கலங்கியிருந்தது. அதுதான் செபாஸ்தியம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பரிகாரமாக ஜெபமாலை சொல்ல ஏழெட்டுப் பெண்கள் சந்தைக்குப் போனார்கள். சிலையைச் சுற்றி ஒரு நீலச் சேலையைக் கட்டி மெழுகுவத்தி ஏற்றினார்கள். மெழுகுவத்தி எரிவதைப் பார்த்த பூக்காரர்கள் ஆளுக்கு ஒரு முழம் போட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒருத்தி மஞ்சள் பூசினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் குத்தவைத்த பெண் மறைந்துபோய், நீலச் சேலைக்கு மேலே ஒரு முகம் மட்டும் மிஞ்சியது. பொன்னுத்துரை தன் செலவில் தகரப் பந்தல் போட்டு, டியூப்லைட் மாட்டி, கீழே டைல்ஸ் பதித்தார். திங்கட்கிழமை சாவியைக் கேட்டுப் போன பெண்களிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாய் வந்து உக்காந்துட்டா. அவ மூஞ்சிக்கு நேரா கக்கூசத் தொறக்கச் சொல்றீகளே, வெளங்குமா?"

முத்துப்பேச்சி அன்று பட்டறைக்குள் வந்தபோது சட்டியில் உட்காரவில்லை.

"யக்கா, நாங்க கேட்டது கக்கூசு. நீ குடுத்தது கோயிலு."

"நானா குடுத்தேன்?"

"பின்ன யாரு? இப்ப வண்டி ஷெட்டுக்குப் பின்னாடியும் போக முடியல. சாமி இருக்குற எடம், அசிங்கம் பண்ணாதன்னு வெரட்டுறான். பாட்டுப் பாடுனான்ல, அவனேதான். செருப்பக் கழட்டிட்டு வேற நிக்கான். மொகத்த மாத்திக் குடு."

"மாதாவ ஒடச்சாங்கிற பேரு வரும்டி."

"அப்ப மாதா இல்லன்னு சொல்லு."

"பெறகு யாருன்னு கேப்பாங்களே?"

"யாருக்கா அது?"

செபாஸ்தியம்மாள் கரணையில் ஒட்டிய சாந்தை வழித்துக்கொண்டேயிருந்தாள். முத்துப்பேச்சி செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கம்பங்கூழும், வெஞ்சனத்துக்குச் சுட்ட கருவாடும் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சூசைமாணிக்கம் கருவாட்டைத் தொடவில்லை.

"நீ என்ன நெனைக்கன்னு எனக்குத் தெரியும் செபஸ்தி. சொல்லிறாத."

"சொல்லலைன்னா அவளுக போக்கிடம்?"

"சொன்னா நம்ம போக்கிடம்? வேடசந்தூர்ப் பக்கம் குடுக்க வேண்டிய மாதா சாக்குச் சுத்தி நிக்குது. பன்னெண்டு ஊருக்காரனும் கேப்பான். முப்பது வருசமா ஒம் பொண்டாட்டி முன்னாலயாடா நாங்க மொழங்கால் போட்டோம்னு. நான் என்ன சொல்ல?"

"அவுக போட்டது மாதா முன்னாலதான். எம் முன்னாலன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல."

"ஒரு நாளுமா?"

அவள் கூழைக் கரைத்தாள். "ஒரு தடவ. நம்ம பய காய்ச்சல்ல கெடந்தான்ல, ஆஸ்பத்திரியில கைய விரிச்ச அன்னைக்கு. கெபிக்குத்தான் ஓடுனேன். மொழங்கால் போட்டு நிமுந்து பாத்தா, நானே இருக்கேன். கண்ண மூடிக்கிட்டு. எங்கிட்ட நான் என்னத்தக் கேக்க? எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்குப் பெறகு எந்தக் கெபிக்கும் நான் போனதில்ல. நீங்க கவனிச்சதில்ல."

பையன் தவறிப் பத்தொன்பது வருசம் ஆகியிருந்தது. சூசைமாணிக்கம் கை கழுவிக்கொண்டு எழுந்தார். பட்டறைக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சுத்தியலும் உளியும் இருந்தன. பையில் போட்டு வாசல் ஓரமாக வைத்தார்.

"சாந்து நான் கொழச்சுத் தாரேன். காத்து விட்டிருச்சு. வெடிக்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை, ஆவணி ஆறு. முகூர்த்த நாள் நெருங்கியதால் சந்தையில் நல்ல கூட்டம். எட்டு மணிக்குச் செபாஸ்தியம்மாள் பந்தலுக்குள் போனாள். செருப்பைக் கழற்றவில்லை. மெழுகுவத்திகளை ஊதி அணைத்து ஓரமாக வைத்தாள். மாலைகளை எடுத்தாள். நீலச் சேலையை அவிழ்த்து மடித்து முத்துப்பேச்சி கையில் கொடுத்தாள். குத்தவைத்த பெண் வெயிலுக்கு வந்தாள்.

"ஏய், ஏய்! யாரைக் கேட்டு அவுக்குற?" பொன்னுத்துரை கடையிலிருந்து ஓடி வந்தார்.

பூ வாங்க வந்திருந்த ஜெரோமும் வந்துவிட்டான். "அத்த, வேணாம். உளியைக் கீழ போடுங்க. தாயார் மொகம்."

"எம் மொகம்" என்றாள் செபாஸ்தியம்மாள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "ஆத்தா, கண்ணாடி பாத்து நாளாச்சோ?" என்றான்.

அவள் கோபப்படவில்லை. சிலைக்குப் பக்கத்தில் டைல்ஸில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயை மூடி, கண்ணை மூடினாள். அரை மணி நேரம் அசையாமல் கிடந்த அந்தப் பழக்கம் உடம்பில் இருந்திருக்க வேண்டும். கூட்டம் முதலில் கசகசவென்று பேசிற்று. பிறகு ஒவ்வொரு இடமாகப் பேச்சு நின்றது. இடது கன்னத்தில், ஒட்டிப்போன தோலில், அந்தக் குழி இருந்தது.

"ஆமா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

ஜெரோம் கிட்ட வந்து கேட்டான். "அப்ப... கெபியில இருக்கறது?"

"அதுவும் நாந்தான்ப்பா. அச்சு வாங்க வக்கில்லாம எங்கிட்ட எடுத்தாரு ஒங்க மாமா. மாதாவ நாங்க கேலி பண்ணல. வேலை அவசரத்துல அந்த அச்சைத் தொட்டது தப்பு. அந்தத் தப்பு இங்க உக்காந்திருக்கவ தலையில விடிஞ்சிருச்சு. அதச் சரி பண்ணிட்டுப் போறேன்."

உளியை மூக்கில் வைத்தாள். ஜெரோம் திரும்பிக்கொண்டான். பொன்னுத்துரை தடுக்கத்தான் கையைத் தூக்கினார். தடுத்தால் எதைச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் கையை இறக்கிவிட்டார். எதிரே இருப்பது செபாஸ்தியம்மாள் முகம். செபாஸ்தியம்மாளே உடைக்கிறாள்.

சூசைமாணிக்கம் சாந்து குழைத்துக் கொடுத்தார். புது முகத்துக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. முத்துப்பேச்சி யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றி வந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செபாஸ்தியம்மாள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஒட்டிய கன்னம், பொக்கை விழுந்த வாய், நரம்பு தெரியும் கழுத்து. கண்ணை மட்டும் திறந்து வைத்தாள். ஆள் வருகிறதா என்று பார்க்கிற கண், வந்துவிட்டவனைப் பார்க்கிற கண் ஆகிவிட்டது. ஈரச்சாக்கைப் போட்டு மூடியபோது மதியம் ஆகியிருந்தது.

சாக்கை எடுத்த மறுநாள் ஒரு கிழவி பழக்கத்தில் மெழுகுவத்தியோடு வந்தாள். சிலையின் கண்ணைப் பார்த்தாள். மெழுகுவத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாட்டுக்காரன் செருப்போடு நடக்க ஆரம்பித்தான், ஆனால் பாடவில்லை. பொன்னுத்துரைக்குச் சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அடுத்த வியாழக்கிழமை பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். ஐந்தில் மூன்று கதவு திறந்தது. மற்ற இரண்டுக்குக் குழாய் வர வேண்டும் என்றார்கள். இன்னும் வரவில்லை.

வேடசந்தூர்க்காரர்கள் பைபர் மாதா ஒன்றை வெளியூரில் வாங்கிக்கொண்டார்கள். பட்டறையில் அவர்களுக்காகச் செய்தது சாக்கு சுற்றியபடியே நிற்கிறது. மூன்று ஊரில் கெபி மாதாவை மாற்றப் போவதாகப் பேச்சு. மற்ற ஊர்களில் பேச்சில்லை. பங்குச் சாமியார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெரோம் வீட்டில் யாரும் இவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சூசைமாணிக்கம் இப்போது தண்ணீர்த் தொட்டி உறை வார்க்கிறார். அதற்கு முகம் தேவையில்லை.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். சிலையில் தூசி தட்டிவிட்டு வரலாம் என்று செபாஸ்தியம்மாள் காலையில் சந்தைக்குப் போயிருந்தாள். துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, கோழிக்கொண்டைப் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். அறுபது வயது இருக்கலாம். சிலையையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நீதான் செபாஸ்தியம்மாளா?"

"ஆமாக்கா."

"நான் கன்னிவாடிக்கு அங்கிட்டு. எங்க ஊர்க் கெபியில இருக்கறதும் ஒம் மொகமாமே."

செபாஸ்தியம்மாள் துணியை உதறினாள். வசவோ எதுவோ வரப்போகிறது என்று நினைத்தாள். "ஆமாக்கா. எங்க கைதான்."

"பதினாலு வருசம்" என்றாள் அந்தப் பெண். "தெனமும் பூ எடுத்து முடிச்சுட்டு அங்க போயி நிப்பேன். எம் மகன் வெசயம், எம் மருமக வெசயம். அந்த மனுசன் உசுரோட இருந்தப்ப என்னைச் செஞ்சது. எங்க ஆத்தாகிட்டக்கூடச் சொல்லாதது. அம்புட்டையும் அந்த மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்." அவள் ஒரு எட்டு கிட்ட வந்தாள். குரலைத் தணித்தாள். "ஒனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கலக்கா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

அந்தப் பெண் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா, ஏமாற்றம் அடைந்தாளா என்று சொல்ல முடியாது. பிறகு இடுப்பிலிருந்த கூடையை இறக்கிச் செபாஸ்தியம்மாள் கையில் கொடுத்தாள்.

"அப்பச் சரி. இதச் செத்த நேரம் பாத்துக்க. உள்ள போயிட்டு வந்துர்றேன்."

நடுக்கதவு திறந்து மூடியது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செபாஸ்தியம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.